சின்னத் தப்புதானே?

பைத்தான் மொழியில் மூன்று வரிப் பாடம் ஒன்று. முதல் வரி ஒரு குறிப்பு: 'ஒன்றிலிருந்து பத்து வரை எண்களை அச்சிடும்.' இரண்டாவது வரி 'ஃபார் ஐ இன் ரேஞ்ச்' என்று ஆரம்பித்து அடைப்புக்குறிக்குள் 1, 10 என்று முடியும். மூன்றாவது வரி, ஐ-யை பிரின்ட் செய்.

ஓட்டிப் பாருங்கள். ஒன்று முதல் ஒன்பது வரைதான் வரும். பைத்தானின் ரேஞ்ச் கல்யாண வீட்டுக்கு வந்த கூச்ச சுபாவி மாதிரி. சொன்ன இடத்துக்கு ஒரு படி முன்னாலேயே நின்றுவிடும். பத்து வேண்டுமென்றால் பதினொன்று என்று எழுத வேண்டும். ஆக, ப்ரொக்ராம் சரி. அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் குறிப்பு தப்பு.

இந்தக் குறிப்புக்கு கமென்ட் என்று பெயர். இப்படி ஒரு தப்பைச் சுட்டிக்காட்டினால் விஷயம் தெரிந்தவர்கள் சொல்லும் பதில் அநேகமாக இதுதான்: "சின்னத் தப்புதானே சார், ப்ரொக்ராம் ஓடுதில்ல?"

இந்த வாரம் எனக்கு அந்த 'தானே'யுடன் சண்டை.

கமென்ட் என்பது கம்ப்யூட்டருக்காக எழுதுவது இல்லை. ப்ரொக்ராமுக்குள் மனுஷனுக்கு மனுஷன் எழுதிவைக்கும் துண்டுச் சீட்டு. பைத்தானில் அதற்கு முன்னால் ஒரு ஹேஷ் குறி போடுவார்கள், சி மொழியில் சாய்கோடும் நட்சத்திரமும். அந்தக் குறியைப் பார்த்ததும் மிஷின் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடும். ப்ரொக்ராமில் ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் வரி எண்ணோடு கூச்சல் போடும். கமென்ட்டில் 'இந்த ப்ரொக்ராம் இட்லி சுடும்' என்று எழுதினாலும் மூச்சு விடாது. அதாவது, கம்ப்யூட்டர் சரிபார்க்காத ஒரே பகுதி கமென்ட். அதைச் சரிபார்க்க வேண்டியவர் மனுஷர். அவர்தான் 'தானே' என்கிறார்.

கம்பெனிகளில் எழுதுகிற ப்ரொக்ராமில் கமென்ட் தப்பாக இருந்தால் பக்கத்து சீட்டில் ஆள் இருக்கிறார், டெஸ்ட் செய்ய ஒரு கூட்டம் இருக்கிறது. எப்படியோ தப்பித்துக்கொள்வார்கள். பாடத்தில் அப்படி இல்லை. மூன்று வரிப் பாடத்தில் இரண்டு வரி ஏற்கெனவே புரியாத பாஷை. புரிகிற பாஷையில் இருப்பது அந்த ஒரு வரி கமென்ட் மட்டும்தான். கமென்ட்தான் அங்கே வாத்தியார். வாத்தியாரே தப்பாகச் சொன்னால் பையன் யாரைக் கேட்பான்?

இந்தத் தப்புகள் வருஷக்கணக்காகத் திருத்தப்படாமல் இருப்பதற்குக் காரணமும் எளிது. தெரிந்தவர் கமென்ட்டைப் படிப்பதில்லை. படிக்கிறவருக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் தப்பு நிம்மதியாகக் குடித்தனம் நடத்துகிறது.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற சாலையில், உத்திரமேரூரைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் திருப்புலிவனம் வரும். பழைய சிவன் கோயில், சோழர் காலத்துக் கல்வெட்டுகள், சுற்றிலும் வயல், ஓர் அரசு கலை அறிவியல் கல்லூரி. அங்கே கம்ப்யூட்டர் கற்றுக்கொள்கிற ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். கற்பனைதான். ஆனால் தமிழ்நாட்டின் எந்தத் தாலுகாவிலும் இவளைப் பார்க்கலாம். ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். வீட்டில் முதல் பட்டதாரி ஆகப் போகிறவள். பஸ்ஸில் வந்து போகிறாள். சொந்தமாக கம்ப்யூட்டர் கிடையாது; கல்லூரி லேபில் உட்காரக் கிடைக்கிற நேரமும், கையில் இருக்கிற போனும்தான்.

இவள் அந்த மூன்று வரியை டைப் செய்கிறாள். திரையில் எண்களை எண்ணுகிறாள். ஒன்பது. குறிப்பைப் பார்க்கிறாள். பத்து என்கிறது. மறுபடி எண்ணுகிறாள். ஒன்பதேதான். இப்போது அவளுக்கு மூன்று முடிவுகள் சாத்தியம். மிஷின் தப்பு, புஸ்தகம் தப்பு, நான் தப்பு.

எந்த முடிவுக்கு வருவாள் என்று நினைக்கிறீர்கள்? அச்சில் இருப்பது தப்பாக இருக்க முடியும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்க்கிற அண்ணன் ஒருத்தன் பக்கத்து வீட்டில் இருந்தால், "அட, அது டைப்போ. நீ சரியாத்தான் பண்ணியிருக்கே" என்று அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவான். அந்த அண்ணன் இல்லாத ஊர்களில் அரை நிமிஷ விஷயம் அரை நாள் ஆகும். பல சமயம், 'இதெல்லாம் நமக்கு வராதுடி' என்கிற தீர்மானமாகவும் ஆகும்.

சரியாகக் கவனித்தவள் அவள். கண்ணால் பார்த்து எண்ணியவள். ப்ரொக்ராமருக்கு வேண்டிய முதல் குணமே அதுதான். அந்தக் குணத்தைச் சந்தேகப்பட வைத்துவிட்டது ஒரு சின்ன கமென்ட். சென்னைப் பையனுக்கு இந்தத் தப்பு ஒரு சிரிப்பு. இவளுக்கு அது ஒரு கதவு, சாத்தின கதவு. ஒரே தப்பு எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை. யாருக்குக் கேட்க ஆள் இல்லையோ அவர்களுக்குத்தான் அது பெரிசு.

தமிழில் படிக்கிறவர்களுக்கு இன்னொரு கஷ்டம் கூடுதல். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் 2018-ல் ப்ளஸ் ஒன்னுக்கு சி++, 2019-ல் ப்ளஸ் டூவுக்குப் பைத்தான் வந்தது. நல்ல காரியம். தமிழிலும் புஸ்தகம் உண்டு. அதில் ஃபங்ஷன் என்பதற்குச் 'செயற்கூறு' என்று பெயர். அதே மாணவி பக்கத்து வகுப்பில் கணக்குப் பாடத்தில் ஃபங்ஷனைச் 'சார்பு' என்று படிக்கிறாள். வேறு சில புஸ்தகங்களில் 'செயல்பாடு'. வகுப்பில் வாத்தியார் வாயில் 'ஃபங்ஷன்'. எல்லாமே அதனதன் இடத்தில் நியாயமான வார்த்தைகள்தாம். ஆனால் ஒரே பாடத்தில், மேலே செயற்கூறு என்று எழுதிவிட்டுக் கீழே கமென்ட்டில் சார்பு என்று போட்டால், படிக்கிறவள் இரண்டு தனிச் சமாசாரங்களைத் தேடுவாள். எழுத்துப் பிழை இல்லை, இலக்கணப் பிழை இல்லை. இருந்தாலும் அது தப்பு. திருத்தப்பட வேண்டிய தப்பு.

எழுதினபோது சரியாக இருந்து, பிற்பாடு தப்பாகிப்போகிற கமென்ட்டுகள் தனி ரகம். ஏழை இரண்டால் வகுத்தால் பழைய பைத்தான் 2 முழு எண்ணாக மூன்று என்று சொல்லும். 2008-ல் வந்த பைத்தான் 3, மூன்றரை என்று சொல்லும். 2020 ஜனவரி முதல் தேதியோடு பைத்தான் 2-க்கு ஆதரவை நிறுத்திக் காரியம் செய்துவிட்டார்கள். ஆனால் 'விடை: 3' என்று பக்கத்தில் எழுதிவைத்த பாடங்கள் செத்துப்போகவில்லை. காப்பி அடிக்கப்பட்டு, காப்பியின் காப்பி எடுக்கப்பட்டுச் சிரஞ்சீவியாக உலவுகின்றன. சி++ கதை இன்னும் மோசம். அந்த மொழிக்கு 1998-ல் சர்வதேசத் தரம் வந்து, பாடங்களின் முதல் வரியில் இருந்த பழைய ஹெடர் பெயரின் வாலில் புள்ளி ஹெச் வேண்டாம் என்று ஆகிவிட்டது. நம் கல்லூரிகள் அதற்கப்புறமும் நீண்ட காலம் டர்போ சி++ நீலத் திரையில் அந்தப் புள்ளி ஹெச்சைப் போட்டு, 'வாய்டு மெயின்' எழுதி, 'இது கட்டாயம்' என்று பக்கத்தில் குறிப்பும் எழுதி, அதற்கு மார்க்கும் போட்டன. வேலைக்குப் போன பிள்ளைகள் புதுக் கம்பைலர் முன்னால் உட்கார்ந்து, மனப்பாடம் செய்த முதல் வரியிலேயே உதை வாங்கினார்கள்.

"ஏன் சார், இதைத் திருத்தக்கூடாதா?" என்று கேட்கிற மாணவனுக்கு நம் வகுப்பறைகளில் கிடைக்கிற பதில் உங்களுக்கே தெரியும். "புஸ்தகத்துல என்ன இருக்கோ அதை எழுது. பேப்பர் திருத்தறவரு அதைத்தான் பாப்பாரு." அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. வாத்தியார் அவனுடைய மார்க்கைக் காப்பாற்றுகிறார். ஆனால் அதற்கு விலையாக அவன் கற்றுக்கொள்வது என்ன? கண்ணால் பார்த்ததைவிட அச்சில் இருப்பது பெரிது என்று. விஞ்ஞானம் படிக்க வந்த பிள்ளைக்கு முதல் பாடமே விஞ்ஞானத்துக்கு விரோதமான பாடம்.

நக்கீரர் கதையைச் சினிமாவிலும் மேடையிலும் கைதட்டிக் கொண்டாடுகிற ஜனங்கள் நாம். சிவபெருமானே எழுதினாலும் குற்றம் குற்றம்தான் என்று நின்ற மனிதர். அவர் இன்று ஒரு கல்லூரியில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து, "சார், பதினாலாம் பக்கத்துல கமென்ட் தப்பு" என்று எழுந்தால் என்ன நடக்கும்? இன்டர்னல் மார்க்கில் கை வைத்துவிடுவார்கள்.

இதில் வேடிக்கை, திருப்புலிவனம் என்கிற ஊர்ப் பெயரே சின்னக் குறையைப் பொறுக்காத ஒரு முனிவரோடு சம்பந்தப்பட்டது. புலிக்கால் முனிவர், வடமொழியில் வியாக்ரபாதர், வழிபட்ட தலம் என்பது ஐதீகம். சுவாமி பெயர் வியாக்ரபுரீஸ்வரர். சிதம்பரத்தில் பிரசித்தமான கதை நினைவிருக்கும். பூஜைக்குப் பறிக்கிற பூவில் விடிவதற்குள் வண்டு வாய் வைத்துவிடுகிறது. வண்டு வாய் வைத்தால் என்ன, சின்ன விஷயம்தானே என்று முனிவர் விடவில்லை. இருட்டில் பார்க்கக் கண்ணும், வழுக்காமல் மரம் ஏறப் புலியின் கால் நகமும் கேட்டு வாங்கினாராம். நமக்குப் புலி நகமெல்லாம் வேண்டாம். ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிற பொறுமை இருந்தால் போதும்.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு. தேர்தல் வரும்போதெல்லாம் 'ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஜனநாயகம்' என்று மேடையில் முழங்குவார்கள். அது ஒரு பிராமணச் சபையின் விதி என்பதையும், பெண்களுக்கும் நிலமில்லாதவர்களுக்கும் மற்ற ஜாதிகளுக்கும் அதில் இடமில்லை என்பதையும் முழக்கத்தின் நடுவே மறந்துவிடுவார்கள். அது இருக்கட்டும். எனக்கு அங்கே பிடித்த விஷயம் வேறு.

அங்கே இருப்பது ஒரு கல்வெட்டு இல்லை, இரண்டு. முதலாவது 919-ல் வெட்டியது. வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கிற விதிகள். வயது முப்பதுக்கு மேல், அறுபதுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. இரண்டே வருஷம் கழித்து, 921-ல் மறுபடி கூடி மறுபடி வெட்டியிருக்கிறார்கள். இப்போது வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். கணக்குக் காட்டாதவனுக்கும் அவனுடைய உறவுக்காரர்களுக்கும் தடை என்று விதிகள் இன்னும் விரிவாக, இன்னும் இறுக்கமாக இருக்கின்றன. முதல் விதியில் ஏதோ சரிப்படவில்லை, திருத்தினார்கள். அது இயற்கை. கவனிக்க வேண்டியது, எப்படித் திருத்தினார்கள் என்பது. பழையதைச் சுரண்டி அழித்துவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி புதிதை எழுதவில்லை. பழையது அங்கேயே இருக்கிறது. எந்த ராஜாவின் எத்தனையாவது ஆட்சி வருஷத்தில், எந்த அதிகாரி முன்னிலையில் புதிது தீர்மானமானது என்பதும் இருக்கிறது. இன்றைக்கு ப்ரொக்ராமர்கள் 'வெர்ஷன் கன்ட்ரோல்' என்று மார்தட்டுகிறார்களே, கிட் என்கிற கருவியை வைத்துக்கொண்டு யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று பதிகிறார்களே, அதே காரியம். உளியால் செய்திருக்கிறார்கள்.

கல்லில் வெட்டினதையே இரண்டு வருஷத்தில் திருத்தியவர்கள் நம் ஊர்க்காரர்கள். நாம் காகிதத்தில் அச்சடித்ததைத் திருத்த இருபது வருஷம் யோசிக்கிறோம்.

அச்சுப் புஸ்தகத்திலும் நமக்கு நல்ல வழக்கம் இருந்தது. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று பழமொழி சொன்ன சமூகத்துக்குப் பிழையின் அருமை தெரியும். பழைய தமிழ்ப் புஸ்தகங்களின் கடைசியில் 'பிழை திருத்தம்' என்று ஒரு பக்கம் இருக்கும். பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். உ.வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அதோடு கடமை முடிந்தது என்று உட்காராமல், மேலும் கிடைத்த பிரதிகளோடு ஒப்பிட்டுத் திருத்தி 1907-ல் இரண்டாம் பதிப்பு கொண்டுவந்தார். தமிழ்த் தாத்தாவுக்கே திருத்தம் கௌரவக் குறைச்சலாகப் படவில்லை. இன்றைய கம்ப்யூட்டர் புஸ்தகங்களில் அட்டையில் 'புதிய பதிப்பு' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. உள்ளே பழைய தப்பு பத்திரமாக இருக்கிறது. விலை மட்டும் திருத்தப்பட்டிருக்கிறது.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று. டொனால்ட் க்னூத். ஸ்டான்ஃபோர்டின் ஓய்வுபெற்ற பேராசிரியர். கம்ப்யூட்டர் ப்ரொக்ராமிங் கலை பற்றிய அவருடைய மகா புஸ்தகத்தின் முதல் தொகுதி 1968-ல் வந்தது. அதில் தப்புக் கண்டுபிடித்தால், அச்சுப் பிழையாக இருந்தாலும் சரி, கண்டுபிடித்த முதல் ஆளுக்கு 2 டாலர் 56 சென்ட்டுக்குச் செக் அனுப்புவார். 256 சென்ட் என்பது பதினாறடிமானக் கணக்கில் ஒரு டாலராம். கணக்கு வாத்தியார் ஜோக். வாங்கினவர்களில் பலர் அதை பாங்கில் போடவில்லை. ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள். செக் படத்தை ஊருக்கெல்லாம் காட்டியதில் அக்கவுன்ட் நம்பர் வெளியாகி மோசடி ஆரம்பித்ததும், 2008-ல் நிஜச் செக்கை நிறுத்திவிட்டு ஒரு கற்பனை பாங்கின் சான்றிதழ் தர ஆரம்பித்தார். அதற்கும் போட்டி குறையவில்லை. உலகத்தின் மிகக் கவனமான கம்ப்யூட்டர் ஆசிரியர்களில் ஒருவர், 'என் புஸ்தகத்தில் தப்பு இருக்கும், கண்டுபிடி, காசு தருகிறேன்' என்கிறார். நம் ஊரில் தப்பே இல்லை என்று சொல்வதற்குத்தான் ஆள் இருக்கிறது.

கமென்ட் விஷயத்தில் கம்ப்யூட்டர் உலகத்தின் மிகப் பிரபலமான கதை யூனிக்ஸில் நடந்தது. 1975-ல் வெளிவந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில், ஒரு சிக்கலான இடத்தில், 'இது உனக்குப் புரியும் என்று எதிர்பார்க்கவில்லை' என்கிற அர்த்தத்தில் ஒரு கமென்ட் இருந்தது. படித்தவர்கள் இதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு வருஷக்கணக்காகச் சிரித்தார்கள், டி-ஷர்ட்டில் போட்டுக்கொண்டார்கள். டென்னிஸ் ரிச்சி பிற்பாடு கொடுத்த விளக்கம் அழகானது. 'பரீட்சைக்கு இது வராது' என்று வாத்தியார் சொல்வாரே, அந்த அர்த்தத்தில்தான் எழுதினோம் என்றார். நிஜப் பிரச்னை, என்ன நடக்கிறது என்று எங்களுக்கும் சரியாகப் புரிந்திருக்கவில்லை என்பதுதான் என்றும் சேர்த்துக்கொண்டார். மேதைகளின் கமென்ட்டுக்கு அடியிலேயே ஒரு குழப்பம் ஒளிந்திருந்தது. 'புரியலையா? உன் தப்பு' என்று சொல்கிற பாடங்களைப் பார்க்கும்போதெல்லாம் நான் இந்தக் கதையை நினைத்துக்கொள்வேன்.

சரி, திருத்தச் சொல்கிறீர்களே, திருத்துகிறவர்கள் அடிக்கிற கூத்து தெரியுமா என்று எதிர்க்கட்சி கேட்கும். தெரியும். 2020 அக்டோபரில் நடந்ததைச் சொல்கிறேன். ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்று வருஷா வருஷம் ஒரு திருவிழா. திறந்த மூல ப்ராஜெக்ட்டுகளுக்கு நான்கு மாற்றங்கள் அனுப்பினால், முதல் 70,000 பேருக்கு ஒரு டி-ஷர்ட், வேண்டாமென்றால் அவர்கள் பெயரில் ஒரு மரம். நம் நாட்டு யூட்யூப் வீடியோ ஒன்று இதைச் சுலபமாகச் செய்துகாட்டியது. அவ்வளவுதான். யாரோ ராத்திரி பகலாகப் பராமரிக்கிற ப்ராஜெக்ட்டுகளின் அறிமுகப் பக்கத்தில் போய் 'அமேஸிங் ப்ராஜெக்ட்' என்று ஒரு வார்த்தை சேர்த்து அனுப்பினார்கள், ஆயிரக்கணக்கில். பராமரிப்பவர்கள் கதறிய கதறலில் மூன்றாம் தேதியே விதியை மாற்றி, 'விருப்பப்பட்ட ப்ராஜெக்ட்டுகள் மட்டும்' என்று ஆக்க வேண்டியதாயிற்று. இந்தியப் பெயரோடு வருகிற சின்னத் திருத்தம் என்றாலே சில இடங்களில் முகம் சுளிக்கிற நிலைமை வந்தது.

டி-ஷர்ட்டுக்காகக் கையை நீட்டியவர்களைத் திட்டுவதில் நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் கவனியுங்கள், அவர்கள் எதையும் திருத்தவில்லை. சரியாக இருந்த இடத்தில் ஒரு வார்த்தையைச் சொருகினார்கள். திருத்துவதற்குப் படிக்க வேண்டும், படித்ததை ஓட்டிப் பார்க்க வேண்டும். அவர்கள் இரண்டையும் செய்யவில்லை. கள்ள நோட்டு புழங்குகிறது என்பதற்காக நல்ல நோட்டை யாரும் கிழித்துப் போடுவதில்லை. ஒன்றைப் பார்த்து மற்றதைப் பிரித்தறியத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

பிரித்தறிவது கஷ்டமும் இல்லை. நல்ல திருத்தத்துக்கு லட்சணம் நாலு. எந்தப் பக்கம், எந்த வரி என்று சொல்லும். எந்த வெர்ஷனில் ஓட்டிப் பார்த்தது, என்ன விடை வந்தது என்று சொல்லும். ஒரு தடவைக்கு ஒரு தப்பை மட்டும் தொடும். ப்ரொக்ராம் தப்பா, கமென்ட் தப்பா என்று யோசித்துவிட்டுப் பேசும். கடைசி லட்சணம் முக்கியமானது. நம்முடைய 1, 10 உதாரணத்தில் கமென்ட்டை 'ஒன்பது வரை' என்று மாற்றலாம், அல்லது ப்ரொக்ராமில் 10-ஐ 11 ஆக்கலாம். எது சரி? பாடம் எதைச் சொல்லித்தர வந்தது என்பதைப் பொறுத்தது. ரேஞ்சின் சுபாவத்தைச் சொல்லித்தர வந்ததென்றால் கமென்ட்டை மாற்ற வேண்டும், கூடவே ஏன் ஒன்பதோடு நிற்கிறது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். பார்த்தீர்களா, சின்னத் தப்பைத் திருத்தப் போனவன் ஆசிரியரின் மனசுக்குள்ளேயே நுழைய வேண்டியிருக்கிறது. புது ப்ரொக்ராம் பத்து எழுதுவதில் கிடைக்காத பயிற்சி இதில் கிடைக்கும்.

மிஷினும் கொஞ்சம் உதவும். பைத்தானோடு 2001-லிருந்தே 'டாக்டெஸ்ட்' என்று ஒரு கருவி வருகிறது. பாடத்துக்குள் எழுதின உதாரணங்களை ஓட்டி, எழுதின விடையும் வந்த விடையும் ஒன்றுதானா என்று பார்த்துச் சொல்லும். மூன்றா மூன்றரையா என்கிற ரகத் தப்புகள் ஒரு நொடியில் பிடிபட்டுவிடும். ஆனால் 'ஒன்றிலிருந்து பத்து வரை' என்கிற தமிழ் வாக்கியத்தை அது சரிபார்க்காது. அதற்கு ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆளுக்கு அனுமதியும் வேண்டும். இங்கேதான் திறந்த மூலம், கட்டற்ற உரிமம் என்றெல்லாம் சொல்வதன் நடைமுறை அர்த்தம் இருக்கிறது. காப்புரிமை போட்ட புஸ்தகத்தில் தப்பைப் பார்த்தால் பதிப்பாளருக்குக் கடுதாசி போட்டுவிட்டு அடுத்த பதிப்புக்காகக் காத்திருக்கலாம், அவ்வளவுதான். 2012-ல் ஆரம்பித்த 'கணியம்' தமிழில் கம்ப்யூட்டர் பாடங்களை யாரும் பகிரலாம், திருத்தலாம் என்கிற உரிமத்தோடு தருகிறது. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்கிற தமிழ் ப்ரொக்ராமிங் மொழி திறந்த மூலமாகவே இருக்கிறது. காஞ்சிபுரத்திலேயே லினக்ஸ் பயனர் குழு ஒன்று இருக்கிறது. திருப்புலிவனத்து மாணவிக்குத் திருத்துவதற்கு உரிமை கொடுக்கிற பாடங்களும், 'நீ கண்டுபிடிச்சது சரிதாம்மா' என்று சொல்ல ஆட்களும் எட்டுகிற தூரத்தில்தான். அப்படி இருக்கிறது என்று அவளுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

இதை இப்போது அவசரமாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 2021-ல் கிட்ஹப் கோபைலட் வந்ததிலிருந்து மிஷினே ப்ரொக்ராமும் எழுதுகிறது, கமென்ட்டும் எழுதுகிறது. அது கற்றுக்கொண்டது பொதுவெளியில் கிடந்த ப்ரொக்ராம்களிலிருந்தும் பாடங்களிலிருந்தும். நாம் 'தானே' என்று விட்டுவைத்த தப்புகளும் அந்தச் சாப்பாட்டில் கலந்துதான் போயிருக்கும். முன்னெல்லாம் ஒரு தப்பைக் காப்பியடிக்க ஒரு மனுஷன் வேண்டும். இப்போது வேண்டாம். அதுவும் தன்னம்பிக்கையோடு, நல்ல நடையில், சந்தேகமே வராதபடி திருப்பிச் சொல்லும். ஆங்கிலத்திலாவது தப்பை அமுக்க லட்சம் சரியான பாடங்கள் இருக்கின்றன. தமிழில் இருப்பதே கொஞ்சம். கொஞ்சத்தில் ஒரு தப்பு, கூட்டத்தில் ஒரு தப்பைவிட உரக்கக் கேட்கும்.

ஆகவே என் கோரிக்கைகள். பெரிய செலவு எதுவும் இல்லை.

ஒன்று. கம்ப்யூட்டர் பாடப் புஸ்தகம் போடுகிற எவரும், அரசாங்கமோ தனியாரோ, அச்சடித்த பிறகு தெரிந்த தப்புகளைத் தேதியோடு, பக்கம் வரியோடு ஒரு பட்டியலாகப் போட வேண்டும். கண்டுபிடித்தவர் பெயரையும் போட வேண்டும். செக் வேண்டாம், பெயர் போதும். ஒரு மாணவியின் பெயர் பாடப் புஸ்தகத்தில் அச்சாவதைவிடப் பெரிய பரிசு எந்தக் கல்லூரி ஆண்டு விழாவில் கிடைக்கும்?

இரண்டு. கல்லூரிகளில் இன்டர்னல் மார்க்கில் ஓர் ஐந்து மார்க், புஸ்தகத்தில் ஒரு தப்பைக் கண்டுபிடித்து, ஓட்டிக் காட்டி நிரூபித்தால். லேப் ரெக்கார்டில் சீனியரைப் பார்த்துக் காப்பியடிப்பதற்கு இப்போது மார்க் தந்துகொண்டுதானே இருக்கிறோம்? காப்பியில் தப்புக் கண்டுபிடிப்பதற்கும் தருவோம்.

மூன்று. பேப்பர் திருத்துகிறவருக்கு ஒரு வேண்டுகோள். புஸ்தகத்துக்கு விரோதமாக ஒருவன் எழுதியிருந்தால் சிவப்பு மசியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

நான்கு. விஷயம் தெரிந்தவர்களுக்கு. உங்களுக்குத் தெரிந்த ஒரு பாடத்தை எடுத்து, தெரியாதவர் மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு கமென்ட்டாகப் படியுங்கள். ஒரு தப்பு கிடைத்தால் சொல்லி அனுப்புங்கள். ஒரு மணி நேரம் ஆகும். டி-ஷர்ட் கிடைக்காது.

இத்தனைக்கும் பிறகு யாராவது 'சின்னத் தப்புதானே' என்று ஆரம்பித்தால், அவரிடம் நான் கேட்பது ஒன்றுதான். சின்னதாக இருந்தால் திருத்த எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது, ஏன் இன்னும் திருத்தவில்லை?